ஒரு பிடித் தீனியும் பன்னிரண்டு நுரையீரலும்

அவைக்குத் தலைமை தாங்கி, "சுருக்கமாக முடி" என்று கண்ணாலேயே கட்டளையிட்டுக்கொண்டிருக்கும் எங்கள் பெரிய ஐயா அவர்களே! நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து முதுகு வளைந்தாலும் முகம் கோணாத மூத்தோர்களே! மருந்து வாடையும் மரத்தூள் வாடையுமாக வீடு திரும்பும் எங்களை, மூக்கைப் பொத்திக்கொண்டாவது முகம் மலர்ந்து வரவேற்கும் தாய்மார்களே! இந்தக் கிழவன் என்னத்தை உளறிக் கொட்டப்போகிறானோ என்று முன்வரிசையில் நகம் கடித்துக்கொண்டிருக்கும் சின்ன டாக்டரம்மா அவர்களே! மூன்றாவது வரிசையில் அமர்ந்து, என் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருப்பதைக் கையால் காட்டிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரி அவர்களே! இத்தனை பேரும் எனக்காகக் காத்திருக்க, எனக்காகக் காத்திருக்காமல் பக்கத்துக் கட்டடத்தில் கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கும் என் எலிகளே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

பொத்தானைச் சரி செய்துவிட்டேன் அம்மா. இனி நீ கையைக் கீழே போடலாம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. எடுத்தாலும் அதில் எது தலை, எது கால் என்று எனக்குத் தெரியாது. எழுத்து என்னைத் தேடி வரவில்லை. நானும் அதைத் தேடிப் போகவில்லை. சம்பளப் புத்தகத்தில் என் கட்டைவிரல்தான் இருக்கும். ஆனால் ஒன்று சொல்வேன். என் காதில் விழுந்தது கீழே விழுந்ததில்லை. என் கண்ணில் பட்டது கலைந்து போனதில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் இந்த எலிக்கூடத்தில் எந்தக் கூண்டில் எது இருந்தது, எது இளைத்தது, எது பெருத்தது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

இன்று புதிய எலிக்கூடம் திறந்தாயிற்று. சின்ன டாக்டரம்மாவின் ஆராய்ச்சி பெரிய புத்தகம் ஒன்றில் அச்சாகிவிட்டது. அதன் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் என் பேரும் இருக்கிறதாம். எல்லோரும் கை தட்டினீர்கள். மறுபடி தட்டுவதற்கு முன்னால் ஒரு செய்தி கேளுங்கள். இந்த அம்மாவின் இரண்டு வருட உழைப்பைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கியவன் யார்? எதிரியா? எமனா? இல்லை ஐயா, இல்லை. இதோ, உங்கள் முன்னால் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறேனே, நான்தான்!

சிரிக்கிறீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

தாய்மார்களே! நுரையீரலில் ஒரு புண் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சும்மா இருக்குமா? கொத்தனாரை அனுப்புகிறது. கொத்தனார் என்றால் அதுவும் ஒரு உயிரணுதான். அது வந்து நாரைப் போட்டுப் பூசுகிறது. ஓட்டை அடைந்தது. நல்லது. வேலை முடிந்தால் என்ன செய்ய வேண்டும்? கரண்டியைக் கழுவிக்கொண்டு கிளம்ப வேண்டும். சில சமயம் கிளம்புவதில்லை! சுவரைப் பூசியவன் சன்னலைப் பூசுகிறான். சன்னலைப் பூசியவன் கதவைப் பூசுகிறான். கடைசியில் காற்று வர வழியில்லை, போக வழியில்லை. பஞ்சு போல இருந்த நுரையீரல் பலகை போல ஆகிவிடுகிறது. இதற்குத்தான் நார்த்தழும்பு என்று பேர்.

சரி, கொத்தனார் ஏன் கிளம்பவில்லை? இதைத்தான் டாக்டரம்மா தேடினார். நான் கூண்டு கழுவும்போது பக்கத்தில் நின்று எனக்குச் சொல்வார். இங்கே எல்லோருக்கும் நான் பெரியப்பாதான்.

"பெரியப்பா, ஒவ்வொரு உயிரணுவும் ஒரு வீடு மாதிரி. உள்ள ஒடஞ்சது, நைஞ்சது எல்லாம் சேரும். அத ஒரு பையில கட்டி, கரைக்கிற தொட்டிக்குள்ள போட்டு, கரைச்சு, திரும்ப எடுத்துக்கும். தன் குப்பையத் தானே தின்னுக்கிற மாதிரி. இதுக்குப் பேரு தன்னுண்ணல்."

"சீ! தன்னையே தின்னுமா?"

"தின்னாத்தான் சுத்தமா இருக்கும். தின்னலேன்னா குப்பை சேரும். குப்பை சேந்தா அந்த அணுவுக்கு வெறி பிடிக்கும், நாராப் பூசித் தள்ளும்னு நான் நினைக்கிறேன்."

எனக்கு உடனே விளங்கியது. எப்படி? மரத்தூளால் விளங்கியது! எலிக்கூண்டின் அடியில் மரத்தூள் போடுவோம். மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டுப் பாருங்கள். மூலையில் ஈரம் ஊறி, ஊறியது இறுகி, இறுகியது செங்கல்லாகிவிடும். அப்புறம் கரண்டியால் சுரண்டினாலும் வராது. நாள்தோறும் பெருக்கினால் தூசி. நாள் கடந்தால் பாறை. உடம்புக்குள்ளும் அதே கதைதான் என்றால் இந்தப் படிக்காதவனுக்குப் புரியாதா?

அடுத்து டாக்டரம்மா சொன்னார்: "வெளியில இருந்து சாப்பாடு வராதப்பத்தான் அணு தன் அலமாரியத் திறந்து பழசத் தேடும். அதனால நுரையீரல்ல புண் பட்ட எலிய ஒரு நாள் விட்டு ஒரு நாள் பட்டினி போட்டுப் பாக்கப்போறேன். தழும்பு குறையுதான்னு."

பட்டினியா! இங்கேதான் ஐயா வினை ஆரம்பித்தது.

இருபத்துநான்கு கூண்டு. கூண்டுக்கு ஒரு எலி. பன்னிரண்டுக்கு எப்போதும் போலத் தீனி. பன்னிரண்டுக்கு நீலச் சீட்டு; நீலச் சீட்டு என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தீனி இல்லை, தண்ணீர் மட்டும். சீட்டில் என்ன எழுதியிருந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் வாயால் சொன்னார்கள். தெளிவாகச் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலை என் தலைதான். ஆனால் கை? கை யார் பேச்சைக் கேட்டது?

அந்தப் பன்னிரண்டில் ஒருவன் இருந்தான். மேல் அடுக்கு, இடப்பக்கம் மூன்றாவது. நான் அவனுக்கு வக்கீல் என்று பேர் வைத்திருந்தேன். நான் உள்ளே நுழைந்ததும் பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால் இரண்டாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீச்சுக் கீச்சென்று வழக்காடுவான். என்ன வாதம்! என்ன எதிர்வாதம்! பக்கத்தில் காது கிழிந்தவள் ஒருத்தி, அவள் சாட்சி சொல்வாள். கீழ் அடுக்கில் முசுடு என்று ஒருவன், அவன் கூண்டையே ஆட்டுவான். புண்பட்ட பிள்ளைக்குச் சாப்பாடு இல்லையென்றால் எந்த வயிறு பொறுக்கும்? பையில் கையை விட்டேன். ஒரு பிடித் தீனி. கம்பி இடுக்கில் போட்டுவிட்டேன்.

எல்லோருக்கும் போட்டேனா? அதுதான் இல்லை! கேட்டவனுக்குப் போட்டேன். எழுந்து நின்றவனுக்குப் போட்டேன். அழுத பிள்ளைக்குப் பால். மூலையில் சுருண்டு, வாலைச் சுற்றிக்கொண்டு, வாய் திறக்காமல் கிடந்தவை நான்கு. அவற்றுக்கு ஒரு பிடியும் இல்லை. நினைப்பு வந்தால் கொடுப்பேன், வராவிட்டால் மறப்பேன் என்று மூன்று. தவறாமல் கொடுத்தது ஐந்துக்கு.

பின்னால் யாரோ "மனசு நல்ல மனசு" என்கிறீர்கள். பொறுங்கள் தம்பி, நல்ல மனசு என்ன செய்தது என்று கேளுங்கள்.

மூன்று வாரம் கழிந்தது. எலிகள் தங்கள் கடனை முடித்துக்கொண்டன. அந்த வாயில்லா ஜீவன்களுக்கு இந்த மேடையிலிருந்து ஒரு கும்பிடு. நுரையீரல் எல்லாம் சீவல் அண்ணனிடம் போயின. சீவல் அண்ணன் யார் தெரியுமா? இதோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறாரே, அவர்தான். மூச்சுவிட்டால் பறந்துபோகும் அளவுக்குச் சதையை மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, சாயம் ஏற்றிப் பார்ப்பவர். எது எந்த எலி என்று அவருக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் கண் ஓரம் சாயும் அல்லவா? எல்லாச் சில்லையும் அவர் பிரித்து முடித்த பிறகு பார்த்தால், பட்டினிச் சில்லு பன்னிரண்டும் மூன்று தட்டில் கிடந்தன. பஞ்சு போல இருப்பது ஐந்து. பலகை போல இருப்பது நான்கு. இரண்டும் கெட்டான் மூன்று.

பட்டினி போட்டால் தழும்பு குறையுமா, குறையாதா? சிலதில் குறைந்திருக்கிறது, சிலதில் கொஞ்சமும் குறையவில்லை. ஒரே பட்டினி, ஒரே புண், முடிவு மட்டும் மூன்று விதம்! பெரிய ஐயா சில்லுகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல ஒண்ணும் இல்லம்மா. அத்தனையும் தூக்கிப் போட்டுட்டு வேற வேலையப் பாருங்க. ரெண்டு வருஷம் போனது போகட்டும்."

நான் கழுவுமிடத்தில் தண்ணீர்க் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா வந்தார். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார். அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஒரு குப்பியை எடுத்து, கழுவிய குப்பியையே திரும்பக் கழுவ ஆரம்பித்தார்.

"எங்க தப்பு பண்ணேன்னே தெரியல பெரியப்பா. என் கணக்குதான் தப்பு. பட்டினிக்கும் தழும்புக்கும் சம்பந்தமே இல்ல போல."

நான் தீனி போட்டதை அப்போதாவது சொன்னேனா? சொல்லவில்லை! கழுவிய குப்பிகளை அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை. தட்டில் சாப்பாடு. கை இறங்கவில்லை. என் வீட்டுக்காரி பார்த்தாள்.

"என்ன, உங்களுக்கும் நீலச் சீட்டா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, தட்டை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிட்டுப் போய் சொல்லிடுங்க. ஊரான் வீட்டுப் பொண்ணு, தன் மேல தப்புன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

"வேலை போயிடும்டி."

"போகட்டும். வீட்டுலயும்தான் கழுவப் பாத்திரம் கிடக்கு."

தாய்மார்களே, கை தட்டுங்கள்! எனக்கு வேண்டாம், மூன்றாவது வரிசைக்குத் தட்டுங்கள்!

போனேன். பெரிய ஐயாவின் அறை. டாக்டரம்மாவும் இருந்தார், சீவல் அண்ணனும் இருந்தார். குப்பைக்குப் போகவேண்டிய சில்லுகள் மேசைமேல் பெட்டியில் இருந்தன.

"ஐயா, எலி பட்டினி கிடக்கல. நான் தீனி போட்டேன்."

பெரிய ஐயா எழுந்தார். தலைவர் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் சொன்னதைச் சொன்னபடியே சொல்கிறேன்.

"யோவ்! உனக்கு மூளை இருக்கா? வெளிய போய்யா!"

வாசல் வரைக்கும் போனேன். அப்போதுதான் டாக்டரம்மா கேட்டார் அந்தக் கேள்வியை. ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. எப்படிச் செய்யலாம் என்று கேட்கவில்லை. உலகத்தில் எனக்கு மட்டும் பதில் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டார்:

"பெரியப்பா, எதெதுக்குப் போட்டீங்க? ஞாபகம் இருக்கா?"

ஞாபகமா! ஞாபகத்தைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

"எல்லாம் இருக்கும்மா. எந்தக் கூண்டு, எந்த நாள், எத்தன பிடி."

பெரிய ஐயா நம்பவில்லை. "எழுதப் படிக்கத் தெரியாதவன் மூணு வாரக் கணக்க வாயால சொல்லுவானாம்! சரிய்யா, ரெண்டாவது செவ்வாய்க்கிழமை என்ன நடந்துச்சு, சொல்லு பாப்பம்."

"அன்னிக்கு எலிக்கூடத்துல குழாய்ல தண்ணி வரலங்கய்யா. நான் மாடியில இருந்து வாளியில தூக்கினேன். வக்கீலுக்கு ரெண்டு பிடி, காது கிழிஞ்சவளுக்கு ஒண்ணு, முசுடுக்கும் மத்த ரெண்டுக்கும் ஒவ்வொண்ணு. நீங்க பத்து மணிக்கு வந்தீங்க. ஒரு கால்ல கறுப்புச் செருப்பு, ஒரு கால்ல பழுப்புச் செருப்பு. யாரும் சொல்லல, நானும் சொல்லல."

சீவல் அண்ணன் சிரிப்பை அடக்கப்போய்ப் புரையேறிவிட்டது. பெரிய ஐயா குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். இன்றைக்குச் சரியாக இருக்கிறது ஐயா, நானே பார்த்துவிட்டேன்.

"உக்காரு," என்றார்.

உட்கார்ந்தேன். நான் கூண்டின் இடத்தைச் சொன்னேன். டாக்டரம்மா அதற்குரிய எண்ணைத் தேடினார். சீவல் அண்ணன் அந்த எண் எந்தத் தட்டில் விழுந்தது என்று பார்த்துச் சொன்னார். அதற்கு முன்னால் எங்கள் மூன்று பேரில் யாருக்கும் மற்றவர் கையிலிருப்பது தெரியாது.

"மேல் அடுக்கு, இடப்பக்கம் மூணாவது. நாள் தவறாமப் போட்டேன்."

"ஏழாம் எண்."

"பலகை!"

"கீழ் அடுக்கு, கதவோரம். வாயே தொறக்கமாட்டான். ஒரு பிடி கூடப் போடல."

"பதினாறு."

"பஞ்சு!"

"நடு அடுக்குல ரெண்டாவது. வாரத்துக்கு ஒருக்கா நினைப்பு வந்தாப் போடுவேன்."

"பதினொண்ணு."

சீவல் அண்ணன் தட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ரெண்டும் கெட்டான்," என்றார், மெதுவாக.

போடப் போட, சொல்லச் சொல்ல, பன்னிரண்டில் பதினொன்று பொருந்திவிட்டது! தீனி தின்றவன் பலகை. தின்னாதவன் பஞ்சு. அரைகுறை தின்றவன் அரைகுறை. ஒன்று மட்டும் பொருந்தவில்லை: முசுடு. நான் தவறாமல் போட்டும் அவன் நுரையீரல் பஞ்சாகவே இருந்தது. ஏன் என்று இன்றுவரை எனக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. முசுடு உயிரோடு இருந்தபோதும் யார் சொல் பேச்சும் கேட்டவனில்லை.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "என் கணக்கு தப்பில்ல," என்றார். அதைச் சொல்லும்போதுதான் அந்தப் பிள்ளை அழுதது.

இத்தோடு கதை முடிந்தது என்று மாலையைக் கழற்றப் போனால், பெரிய ஐயா விடுவாரா? பெரியவர் பெரியவர்தான். அவர் கேட்டார்: "சத்தம் போட்ட எலிக்குத்தான தீனி போட்டிருக்கான். சத்தம் போடுற எலி பொறப்புலயே வேற மாதிரி எலியா இருந்துட்டா? தீனியால தழும்பா, குணத்தால தழும்பா? இவன் ஞாபகத்த வச்சுப் புத்தகத்துல போட முடியாது. முதல்ல இருந்து செய்யணும். எதுக்குப் பட்டினி, எதுக்குத் தீனின்னு சீட்டுக் குலுக்கிப் போடணும். கூடத்தப் பூட்டணும். சாவி என் பையில இருக்கும்."

அப்போது டாக்டரம்மா சொன்னார்: "சாவி பெரியப்பாகிட்டயே இருக்கட்டும் ஐயா."

"இவன்கிட்டயா? திரும்பவும் போட்டான்னா?"

"போட்டா வந்து சொல்லுவாரு."

அவையோரே! எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ கொடுத்திருக்கிறார்கள். அந்த மூன்று சொல்லுக்கு ஈடாக ஒன்றும் கொடுக்கவில்லை. கெடுத்தவன் கையில் சாவியைக் கொடுக்க ஒரு மனம் வேண்டும். அந்தச் சாவி இதோ, இடுப்பில் இருக்கிறது. குலுக்கிக் காட்டட்டுமா? கேட்கிறதா? ஒலிபெருக்கியும் எலி மாதிரிக் கீச்சிடுகிறது, பசியாக இருக்கும்.

திரும்பவும் இருபத்துநான்கு எலி. திரும்பவும் பட்டினி. திரும்பவும் ஒரு வக்கீல் பிறந்து வந்தான், போன வக்கீலைவிடப் பெரிய வக்கீல்! கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பெயர் சொல்லாத குறையாக அழைத்தான். பை நிறையத் தீனி இருக்கிறது. கை நிறைய ஆசை இருக்கிறது. என்ன செய்தேன்? பையைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டு வந்தேன். கையைக் கொடுக்க முடியாதவன் காதைக் கொடுத்தேன். கூண்டின் முன் நின்று அவன் வாதம் முழுவதையும் கேட்டேன். "வாய்தா," என்றேன். "நாளைக்குக் காலையில தீர்ப்பு."

மனசு கேளாமல், எலிகளின் பட்டினி நாளில் நானும் பட்டினி கிடந்தேன். நான்காவது தடவை என் வீட்டுக்காரி கரண்டியோடு வந்து நின்றாள்.

"போதும். இன்னும் ஒரு நாள் இருந்தீங்கன்னா சீவல் அண்ணனக் கூப்பிட்டு உங்க நுரையீரலச் சீவிப் பாக்கச் சொல்லிடுவேன்."

தாய்மார்களே, இந்த இடத்தில் டாக்டரம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னது ஒன்று. வீட்டுக்குப் போய் யாரையும் பட்டினி போடாதீர்கள்! இது எங்கள் கூடத்து எலிக்கதை. மனிதருக்கு ஆகுமா என்பது இன்னும் தெரியாது. அதுவும் போக, கல்லீரலில் இதே தன்னுண்ணல் தலைகீழாக வேலை செய்யுமாம். அங்கே நார் போடும் அணு, தன்னிடம் இருக்கிற கொழுப்பைத் தின்று, அந்தத் தெம்பிலே இன்னும் நார் போடுமாம். அடுப்பெரித்தால் சமையல், கூரை எரிந்தால் சாம்பல். நெருப்பு ஒன்றுதான், இடம்தான் வேறு. ஆகவே, மாமியாருக்கு மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சாப்பாட்டை மட்டும் நிறுத்திவிட்டு என் பேரைச் சொல்லாதீர்கள்.

இரண்டாம் தடவையும் சீவல் அண்ணன் சில்லுகளைக் கண்மூடித்தனமாக, மன்னிக்கவும், எது எதுவென்று அறியாமல் பிரித்தார். பட்டினிப் பக்கம் பஞ்சு கூடியது, தீனிப் பக்கம் பலகை கூடியது. கத்தியவனும் கத்தாதவனும் இரண்டு பக்கமும் கலந்தே இருந்தார்கள். அந்தப் பஞ்சில் அணுக்கள் தங்கள் குப்பையைக் கட்டிக் கரைத்த அடையாளத்தையும் டாக்டரம்மா கண்டுபிடித்துவிட்டார். பெரிய ஐயா கழுவுமிடத்துக்குத் தானே நடந்து வந்தார். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார். "அன்னிக்கு உன்ன வெளிய போன்னு சொன்னேன்ல," என்றார். "ஆமாங்கய்யா." "வாசல் வரைக்கும்தான போன?" "ஆமாங்கய்யா." "நல்ல வேளை," என்றார். அவ்வளவுதான். தலைவர் அவர்கள் அதற்குமேல் மன்னிப்புக் கேட்டால் மழை பெய்துவிடும்!

பெரியோர்களே! அன்புடையவர்களே! இந்தக் கிழவன் இந்தக் கதையில் கற்றது என்ன? அணு தன் குப்பையைத் தானே தின்றால் நுரையீரல் பஞ்சு. நான் என் தப்பை வாய்விட்டுச் சொன்ன அன்று, ஒரு பெண்ணின் இரண்டு வருடம் பிழைத்தது. சொல்லாமல் விட்டிருந்தால்? இந்த நெஞ்சின் மூலையிலும் மரத்தூள் இறுகியிருக்கும். எந்தக் கரண்டியால் சுரண்டுவேன்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், மூன்று நாள் மறைக்கலாம்; நான்காம் நாள் சோறே நாறும்!

இன்னும் ஒன்று. அழுத பிள்ளைக்குப் பால் என்பார்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன். என்ன ஆயிற்று? கத்தியவன் வயிறு நிறைந்தது, நெஞ்சு இறுகியது. கத்தாதவன் மூலையில் கிடந்து, யாருக்கும் சொல்லாமல் தன் வீட்டைத் தானே பெருக்கி, பிழைக்கும் வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். அவனைத் திரும்பிப் பார்த்தவர் உண்டா? நான் பார்த்தேனா? மூன்று வாரம், ஒரு பிடி, ஒரு தடவை? இல்லையே! எழுத்தறியாத என்னையும் எத்தனையோ பேர் தாண்டிப் போனார்கள். மூலையில் கிடந்த என்னிடம் "ஞாபகம் இருக்கா" என்று கேட்டவர் ஒருவர்தான். அந்தக் கேள்விக்குள்தான் அவருடைய ஆராய்ச்சி முழுவதும் இருந்தது.

இரண்டாம் தடவை, முதல் பட்டினி முடிந்த காலை. டாக்டரம்மா என் தீனிப் பையை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டார். "இப்பப் போடுங்க பெரியப்பா." வக்கீல் எழுந்து நின்றான். கம்பியைப் பிடித்தான். கூண்டு குலுங்கக் கத்தினான். "இருடா, வர்றேன்," என்று சொல்லிவிட்டு, அவனைத் தாண்டி நடந்தேன். கீழ் அடுக்கு. கதவோரம். மூலையில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒருத்தி கிடந்தாள். கேட்கவில்லை. எழவில்லை. குனிந்தேன். முதல் பிடி அவளுக்கு.

அன்று முதல் இன்றுவரை முதல் பிடி கேளாதவருக்குத்தான். புதிய கூடத்திலும் அப்படித்தான்.

என்னைப் பேசவிட்டு, பொறுத்திருந்து, பொத்தானையும் சரிசெய்து வைத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. பக்கத்துக் கட்டடத்தில் தண்ணீர் மாற்றும் நேரமாகிவிட்டது. சாவி என்னிடம் இருக்கிறது. வருகிறேன், வணக்கம்.